ஆஃப் பண்ணி ஆன் பண்ணு: ஒரு சின்ன வரலாறு

வெளியூரில் வேலை பார்க்கும் நம்மில் பலருக்கு, சொந்த ஊரில் சம்பளமில்லாத உத்தியோகம் ஒன்று உண்டு. வீட்டுக் கம்ப்யூட்டர் மெக்கானிக்! ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வரும். "தம்பி, இது அப்படியே நிக்குதுப்பா, மவுஸ் நகர மாட்டேங்குது" என்பார்கள். நாமும் பல் தேய்த்துக்கொண்டே, யோசிக்காமல் சொல்வோம்: "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க." பாதி நேரம் சரியாகிவிடும். மீதி நேரம், "அடுத்த தடவை ஊருக்கு வரும்போது பார்க்கிறேன்."

இந்த ஒரு வரி மருத்துவத்துக்குப் பின்னால் நாற்பது வருடங்களுக்கு மேற்பட்ட கதை இருக்கிறது. "ரீஸ்டார்ட்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அது ஒரே காரியம் இல்லை. ஒவ்வொரு காலத்துக் கம்ப்யூட்டரிலும் மூன்று நான்கு விதமான ரீஸ்டார்ட் இருந்தது. எதைச் செய்தால் எது பிழைக்கும், எது போகும் என்பது மிஷினுக்கு மிஷின் மாறும்.

நான் காமர்ஸ் படித்துவிட்டு பாங்கில் குப்பை கொட்டுகிறவன். என் பாஷையிலேயே சொல்கிறேனே. மார்ச் 31 இரவு வருடக் கணக்கை முடிக்கிறோம், ஏப்ரல் 1 காலை புதுக்கணக்கு. எல்லாமே புதிதாகத் தொடங்குகிறதா என்ன? வட்டி வருமானம், சம்பளச் செலவு எல்லாம் பூஜ்யத்தில் இருந்து ஆரம்பிக்கும். ஆனால் உங்கள் டெபாசிட்டும் நீங்கள் வாங்கிய கடனும் அப்படியே கேரி ஃபார்வர்ட் ஆகிவிடும். (கடன் மட்டும் பூஜ்யமானால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நீங்கள் நினைப்பது இங்கே போபால் வரை கேட்கிறது :-)) கம்ப்யூட்டர் ரீஸ்டார்டும் இதே மாதிரிதான். எதை மறப்பது, எதைக் கையோடு எடுத்துப் போவது? கேள்வி அவ்வளவுதான்.

முதலில் கொஞ்சம் அடிப்படை

தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

கம்ப்யூட்டருக்குள் இரண்டு வகை நினைவகம். ரோம் என்பது அச்சடித்த புத்தகம் மாதிரி. கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எழுத்து அழியாது. ராம் என்பது கரும்பலகை. எழுதலாம், அழிக்கலாம். கரண்ட் போனால் பலகை சுத்தம்.

இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் "பூட்" என்று பெயர் வந்தது காலணியில் இருந்துதான். பூட்ஸின் பின்பக்கம் இழுத்து மாட்டுவதற்கு ஒரு வார் இருக்கும். அந்த வாரைப் பிடித்துத் தன்னைத்தானே தூக்கிக்கொள்வது என்று அங்கே ஒரு பேச்சு வழக்கு. கம்ப்யூட்டரும் அப்படித்தான். முதலில் ரோமில் இருக்கும் சின்ன புரோகிராம் எழுந்திருக்கும், அது அடுத்ததை எழுப்பும், அது பெரியதை எழுப்பும். கல்யாண வீட்டில் விடியற்காலையில் சமையல்காரர் முதலில் எழுந்து மற்றவர்களை எழுப்புகிற கதை.

ஒரு விஷயம் மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிராசசர் சில்லில் ரீசெட் என்று தனியாக ஒரு பின் உண்டு. அதைத் தட்டினால், செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு ரோமில் உள்ள முதல் வரிக்குப் போய்விடும். அவ்வளவுதான். ராம் என்ற கரும்பலகையை அது தானாக அழிப்பதில்லை. அழிப்பதா, விடுவதா என்பதை ரோமில் எழுதி வைத்த ஆள்தான் தீர்மானிக்கிறார். நம் கதையே இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

பட்டனே இல்லாதவர்கள், பட்டன் அதிகப்பிரசங்கியாக இருந்தவர்கள்

1977-ல் வந்த ஆப்பிள் 2-வில் ரீசெட் என்று கீபோர்டிலேயே ஒரு கீ. அதுவும் எங்கே? அடிக்கடி தட்டுகிற ரிட்டர்ன் கீக்கு நேர் மேலே! விரல் கொஞ்சம் வழுக்கினால் வேலை அம்போ. ஜனங்கள் புலம்பின பிறகு, கண்ட்ரோல் கீயையும் சேர்த்து அழுத்தினால்தான் வேலை செய்யும் என்று பின்னால் மாற்றினார்கள். 1983-ல் வந்த ஆப்பிள் 2இ-யில் இன்னும் தெளிவு. கண்ட்ரோலும் ரீசெட்டும் என்றால் லேசான ரீஸ்டார்ட். கூடவே ஆப்பிள் படம் போட்ட கீயையும் சேர்த்தால் அடியோடு ரீஸ்டார்ட்.

1982 ஏப்ரலில் இங்கிலாந்தில் கிளைவ் சின்க்ளேரின் கம்பெனி ஸ்பெக்ட்ரம் என்ற குட்டிக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது. 16 கிலோபைட் மாடல் 125 பவுண்டு. சிக்கனத்தில் அவர் நம் ஊர் மளிகைக்கடை அண்ணாச்சிக்கு அண்ணாச்சி. ரீசெட் பட்டன் மட்டும் இல்லை என்று நினைக்காதீர்கள், பவர் ஸ்விட்சே கிடையாது! ஹேங் ஆனால் பின்னால் செருகிய பவர் வயரைப் பிடுங்கி, திரும்பச் செருக வேண்டும். கேசட்டில் இருந்து பல நிமிடம் கீச்சுக்கீச்சென்று ஏற்றிய விளையாட்டு ஒரே நொடியில் காலி. 1984-ல் ஸ்பெக்ட்ரம் பிளஸ் வந்தபோதுதான் பக்கவாட்டில் ஒரு ரீசெட் பட்டன் வைத்தார்கள். அதற்கு முன்னால், விவரம் தெரிந்தவர்கள் "ரேண்டமைஸ் யுஎஸ்ஆர் 0" என்று டைப் செய்வார்கள். ரோமின் பூஜ்யமாவது இடத்துக்குப் போ என்று அர்த்தம். பூஜ்யத்தில்தான் மிஷினின் பிள்ளையார் சுழி இருக்கிறது.

அதே 1982-ல் அமெரிக்காவில் கமோடோர் 64. விலை 595 டாலர். இதில் பவர் ஸ்விட்ச் உண்டு, ரீசெட் பட்டன் கிடையாது. ஆனால் ரன்-ஸ்டாப் என்ற கீயை அழுத்திக்கொண்டு ரீஸ்டோர் கீயைத் தட்டினால், ஓடுகிற புரோகிராம் நின்று, திரை நிறம் பழையபடி ஆகி, நீங்கள் எழுதியது அப்படியே பத்திரமாக இருக்கும். முழுசாகத் துவக்கவேண்டும் என்றால் "சிஸ் 64738". அந்தத் தலைமுறையில் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்த பிள்ளைகளுக்கு அந்த எண் இன்றைக்கும் மறந்திருக்காது. நம்மில் சிலருக்குப் பழைய லேண்ட்லைன் நம்பர் மறக்காமல் இருக்கிற மாதிரி.

நம் ஊருக்கு வந்த பிபிசி மைக்ரோ

இத்தனையிலும் ரீஸ்டார்டை உட்கார்ந்து யோசித்துச் செய்தவர்கள் என்று நான் சொல்வது கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் கம்பெனிக்காரர்களை. பிபிசி நிறுவனம் மக்களுக்கு டிவி வழியாகக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க நினைத்தது. அதற்காக ஏகார்ன் செய்து கொடுத்த மிஷின்தான் பிபிசி மைக்ரோ, 1981 டிசம்பரில் வந்தது. 6502 சில்லு, பி மாடலில் 32 கிலோபைட் ராம். (இன்று நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு குட்மார்னிங் ரோஜாப்பூப் படமே இதைவிடப் பெரிசு.)

இதற்கும் நமக்கும் நிஜமான தொடர்பு ஒன்று உண்டு. 1984-ல் மத்திய அரசு "கிளாஸ்" என்று பள்ளிகளுக்கான கம்ப்யூட்டர் கல்வித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதற்குத் தேர்ந்தெடுத்தது இந்த பிபிசி மைக்ரோவைத்தான். இந்தியா முழுவதும் பள்ளிகளில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகவேண்டிய ஒரு அறை உருவானது அப்போதுதான். எங்கள் பள்ளியிலும் அப்படி ஒரு அறை. நான் ஏழாவது படித்தபோது, 1991 வாக்கில், ஒரு மிஷினுக்கு நான்கு பேர் என்று உட்காருவோம். சொல்லிக்கொடுத்தவர் கணக்கு வாத்தியார். அவர் வேறு யாருமில்லை, என் அப்பா. (வகுப்பில் "சார்" என்றுதான் கூப்பிடவேண்டும்.)

கீபோர்டின் மேல்வரிசையில் சிவப்பு நிறத்தில் பத்து ஃபங்ஷன் கீ. அந்த வரிசை முடிகிற வலது ஓரத்தில் "பிரேக்" என்று ஒரு கீ. அப்பாவின் முதல் பாடமே அதுதான்: "அந்தக் கடைசி கீயை மட்டும் ஒருத்தரும் தொடப்படாது." தொடாதே என்று சொன்னால் ஏழாம் வகுப்புப் பையன்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

ஒருநாள் வாய்ப்பாடு போடும் புரோகிராம் ஒன்றை அரைமணி நேரமாக ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்து மிஷின் பையன் கை நீட்டி பிரேக்கைத் தட்டிவிட்டான். திரை சுத்தமாகிவிட்டது. எங்கள் நாலு பேரில் அடித்துக்கொண்டிருந்தவனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அப்பா வந்தார். யார் தட்டியது என்று கேட்கவில்லை. ஓ, எல், டி என்று மூன்று எழுத்து அடித்து ரிட்டர்ன் தட்டினார். பிறகு "லிஸ்ட்". மொத்தப் புரோகிராமும் வரிசையாக மேலேறி வந்தது. எட்டாவது அதிசயம் மாதிரி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம்.

அதிசயம் எதுவும் இல்லை என்று ரொம்ப வருடம் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டேன். பிரேக் அழுத்தினால் பிபிசி மைக்ரோ உங்கள் புரோகிராமை அழிப்பதில்லை. புரோகிராம் தொடங்கும் இடத்தில் ஒரே ஒரு பைட்டை மாற்றி, "இங்கே ஒன்றும் இல்லை" என்று ஒரு முடிவுக் குறி வைக்கும். பேரேட்டின் முதல் பக்கத்தில் "கணக்கு முடிந்தது" என்று ஒரு சீட்டு ஒட்டுகிற மாதிரி. உள்ளே பக்கங்கள் அப்படியே இருக்கும். "ஓல்ட்" என்ற கட்டளை அந்தச் சீட்டைக் கிழித்துவிடும், அவ்வளவுதான். இதில் ஒரு சின்னக் குறும்பும் உண்டு. உங்கள் புரோகிராமின் முதல் வரி எண் 255-க்கு மேல் இருந்தால், ஓல்ட் செய்த பிறகு அந்த எண் மாறியிருக்கும். சீட்டு ஒட்டிய இடத்தில்தான் அந்த எண்ணின் ஒரு பாதி இருந்தது. கிழித்தபோது அதுவும் சேர்ந்து போய்விட்டது.

இனி இந்த மிஷினில் இருந்த ரீஸ்டார்ட் வகைகளைப் பாருங்கள்.

வெறும் பிரேக்: லேசான ரீஸ்டார்ட். புரோகிராமை ஓல்ட் போட்டு மீட்கலாம். ஃபங்ஷன் கீக்களில் நீங்கள் பதிந்து வைத்ததும் இருக்கும்.

கண்ட்ரோலும் பிரேக்கும்: கடுமையான ரீஸ்டார்ட். நீங்கள் மாற்றி வைத்த அமைப்புகள், ஃபங்ஷன் கீ பதிவுகள் எல்லாம் போய், மிஷின் தன் பிறந்த நிலைக்கு வரும்.

ஷிஃப்டும் பிரேக்கும்: டிஸ்க் டிரைவ் இருந்தால், அதிலிருக்கும் "பூட்" என்ற ஃபைலைத் தேடிப்பிடித்துத் தானாக ஓட்டும்.

ஸ்விட்சை அணைத்துப் போடுவது: கரும்பலகை சுத்தம். ஓல்ட் போட்டாலும் வராது.

எனக்கு ரொம்பப் பிடித்தது, மிஷின் தான் எப்படி எழுந்தது என்பதைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும் என்பது. லேசான பிரேக் என்றால் 0, கரண்ட் வந்து எழுந்தால் 1, கண்ட்ரோல்-பிரேக் என்றால் 2. இது அதற்கு எப்படித் தெரியும்? பிரேக் கீ பிராசசரை ரீசெட் செய்யும். பக்கத்தில் கீபோர்டையும் மற்ற வேலைகளையும் பார்த்துக்கொள்ளும் துணைச் சில்லுக்கு அந்த ரீசெட் போகாது. பிராசசர் எழுந்ததும் அந்தத் துணைச் சில்லை எட்டிப் பார்க்கும். அதில் பழைய குறிப்பு இருந்தால் "சரி, யாரோ பிரேக்கைத் தட்டியிருக்கிறார்கள்." ஒன்றுமே இல்லாமல் காலியாக இருந்தால் "ஓஹோ, கரண்டே போய் வந்திருக்கிறது." தூங்கி எழுந்தவர் அடுப்பைத் தொட்டுப் பார்த்து, தூங்கியது அரைமணியா ராத்திரி முழுவதுமா என்று கண்டுபிடிக்கிற மாதிரி.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. "ஸ்டார் எஃப்எக்ஸ் 200,3" என்று ஒரு கட்டளை. அதைப் போட்டுவிட்டால் எஸ்கேப் கீ வேலை செய்யாது, பிரேக் அழுத்தினால் நினைவகம் முழுக்க அழிந்துவிடும். யாருக்கு இது வேண்டும்? விளையாட்டு விற்றவர்களுக்கு. பிரேக் தட்டி, ஓல்ட் போட்டு, உள்ளே இருக்கும் புரோகிராமைப் பார்த்து யாரும் காப்பி அடித்துவிடக் கூடாதில்லையா! அதே கீ, அதே மிஷின். ஆனால் எது மிஞ்சவேண்டும் என்று தீர்மானிக்கும் ஆள் மாறிவிட்டார்.

இத்தனை வகை இருந்தும், எங்கள் ஊரில் அதிகம் நடந்தது இதில் எதுவும் இல்லை. மின்வெட்டு! பிரேக்கும் வேண்டாம் கண்ட்ரோலும் வேண்டாம். அறை முழுக்கத் திரைகள் அணையும், "ஓ" என்று ஒரு சத்தம் எழும். அதற்கு ஓல்ட் கிடையாது. "கரண்ட் ஒருத்தனுக்குத்தான் யாரும் மனுப் போட முடியாது" என்பார் அப்பா.

மூன்று விரல் சல்யூட்

1981 ஆகஸ்டில் ஐபிஎம் பிசி வந்தது. அதில் கீபோர்டில் ரீசெட் கீ கிடையாது. பக்கவாட்டில் சிவப்பாக ஒரு பெரிய பவர் ஸ்விட்ச், அவ்வளவுதான். அதை அணைத்துப் போட்டால் மிஷின் ஒவ்வொரு தடவையும் தன் நினைவகம் முழுவதையும் சோதித்துவிட்டுத்தான் எழுந்திருக்கும். நினைவகம் கூடக் கூட நேரமும் கூடும். புளோரிடாவில் இந்த மிஷினை உருவாக்கிக்கொண்டிருந்த குழுவுக்கு, ஒரு நாளைக்குப் பல தடவை இப்படிக் காத்திருப்பது பெரிய தொல்லையாக இருந்தது.

அந்தக் குழுவில் இருந்த டேவிட் பிராட்லி என்ற பொறியாளர் ஒரு குறுக்கு வழி எழுதினார். முதலில் கண்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப் என்று மூன்று கீ. மூன்றும் இடது பக்கம். கீபோர்டின் ஓரத்தில் கை பட்டால் தவறுதலாக ரீஸ்டார்ட் ஆகிவிடும் என்று, கடைசிக் கீயை வலது பக்கக் கோடிக்குக் கொண்டுபோய் டெலீட் ஆக்கினார்கள். இரண்டு கையும் வேண்டும், அப்போது தவறுதலாக நடக்காது. பாங்கு லாக்கருக்கு இரண்டு சாவி மாதிரி. ஆப்பிள்காரர்கள் பட்டு உணர்ந்த பாடம்தான் இதுவும்.

கண்ட்ரோல்-ஆல்ட்-டெலீட் அழுத்தினால் உள்ளே என்ன நடக்கும்? நினைவகத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் 1234 என்ற எண்ணை எழுதிவிட்டு முதல் வரிக்குத் தாவும். எழுந்ததும் அந்த இடத்தைப் பார்க்கும். 1234 இருந்தால், "இது சும்மா ரீஸ்டார்ட்தான், நினைவகத்தை முன்னமே சோதித்தாகிவிட்டது" என்று சோதனையை விட்டுவிடும். இதற்கு "வார்ம் பூட்" என்று பெயர் வந்தது. கரண்டை அணைத்துப் போட்டால் "கோல்ட் பூட்". சூடு ஆறாத தோசைக்கல், ஆறிப்போன தோசைக்கல் வித்தியாசம்தான்.

பிராட்லி இதை வாடிக்கையாளருக்காகச் செய்யவில்லை, தங்கள் குழுவின் வசதிக்காகச் செய்தார். உலகம் முழுக்கப் பரவியது விண்டோஸ் வந்த பிறகு. 2001-ல் பிசியின் இருபதாவது ஆண்டு விழா மேடையில், தான் கண்டுபிடித்ததைப் பிரபலமாக்கியவர் பில் கேட்ஸ்தான் என்று பிராட்லி கிண்டலடித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சாட்சாத் பில் கேட்ஸ்!

ஆனால் இந்த மூன்று விரலுக்கு ஒரு பலவீனம் உண்டு. இது ஒரு புரோகிராம் பார்த்துச் செய்கிற காரியம். மிஷின் கீபோர்டையே கவனிக்காத அளவுக்கு மயங்கிவிட்டால், எத்தனை தடவை அழுத்தினாலும் பதில் இருக்காது. அதனால்தான் பின்னால் வந்த அசெம்பிள்டு பிசிக்களின் முன்பக்கம் தனியாக ஒரு ரீசெட் பட்டன் வந்தது. பேனா முனையால் குத்தி அழுத்துகிற அளவுக்குச் சிலவற்றில் அது சின்னதாக இருக்கும்.

"இப்போது நீங்கள் அணைக்கலாம்"

வீட்டுக் கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க் வந்ததும் விளையாட்டு மாறிவிட்டது. அதுவரை அணைத்தால் போவது அப்போது செய்துகொண்டிருந்த வேலை மட்டும். இனிமேல் அணைக்கக்கூடாத நேரத்தில் அணைத்தால் ஏற்கெனவே சேமித்ததற்கே ஆபத்து. டிஸ்கில் எழுதுவதற்குப் பல படி உண்டு. பாதியில் கரண்ட் போனால், பற்று எழுதி வரவு எழுதாத கணக்கு மாதிரி தொங்கிக்கொண்டு நிற்கும்.

அதனால் 1995 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 95-ல், அணைப்பதற்கே முறையாக அனுமதி கேட்கவேண்டும். அதுவும் ஸ்டார்ட் என்ற பட்டனை அழுத்தி! (இந்த ஜோக்கை அடிக்காத கம்ப்யூட்டர் வாத்தியார் கிடையாது.) அங்கே அணைப்பது, ரீஸ்டார்ட் செய்வது, டாஸுக்கு ரீஸ்டார்ட் செய்வது என்று பட்டியல் வரும். ரீஸ்டார்டைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்டை அழுத்திக்கொண்டு யெஸ் கொடுத்தால், மிஷின் முதலில் இருந்து தொடங்காமல் விண்டோஸ் மட்டும் திரும்ப ஏறும். அணைத்தால், கறுப்புத் திரையில் ஆரஞ்சு நிறத்தில் "இப்போது நீங்கள் பத்திரமாக அணைக்கலாம்" என்று ஆங்கிலத்தில் வரும். பிறகு நாம் கைநீட்டி ஸ்விட்சை அணைக்கவேண்டும். பி.காம் முடித்த கையோடு கம்ப்யூட்டர் சென்டரில் நான் கற்ற முதல் ஒழுக்கம் அந்த ஆரஞ்சு எழுத்துக்காகக் காத்திருப்பதுதான்.

முறை தவறி அணைத்தால், விண்டோஸ் 98 அடுத்த நாள் காலையில் ஸ்கேன்டிஸ்க் என்ற நீலத் திரையைப் போட்டு, "நேற்று ஒழுங்காக அணைக்கவில்லை" என்று ஹெட்மாஸ்டர் மாதிரி கண்டிக்கும். ஃபிளாப்பியை உள்ளேயே மறந்துவிட்டால் அதிலிருந்து எழப் பார்த்து, "சிஸ்டம் டிஸ்க் இல்லை" என்று நிற்கும்.

அந்தச் சமயத்தில்தான், 1995-ல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் முறை மெல்ல மெல்ல வீடுகளுக்கு வந்தது. அதில் முன்பக்க பவர் பட்டன் கரண்டை நேராக வெட்டுவதில்லை. "அணைக்கச் சொல்கிறார்கள்" என்று மிஷினுக்கு மனுக் கொடுக்கும், அவ்வளவுதான். மனு ஏற்கப்படாவிட்டால் நாலு வினாடி விடாமல் அழுத்தவேண்டும், அப்போதுதான் வெட்டும். ஆரஞ்சு எழுத்து வேலையிழந்து ஊருக்குப் போய்விட்டது.

2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, என்டிஎஃப்எஸ் முறையில் டிஸ்க் இருந்தால், செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு சிட்டையில் எழுதிவிட்டு அப்புறம்தான் பேரேட்டில் ஏற்றும். நடுவில் கரண்ட் போனால் சிட்டையைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். செட்டியார் கடையில் தலைமுறை தலைமுறையாக இருந்த வழக்கம்! ஃபைல் அடுக்குமுறையைத்தான் இது காக்கும். நீங்கள் சேமிக்காமல் வைத்திருந்த கடிதத்தை இல்லை. அதை மறந்துவிடாதீர்கள்.

தலைகீழாகிப் போன கதை

இப்போது சொல்லப்போவதுதான், இந்தப் பழங்கதையை எல்லாம் நான் கிளறியதற்குக் காரணம்.

பிபிசி மைக்ரோ காலத்தில் கணக்கு எளிது. ரீஸ்டார்ட் என்றால் கொஞ்சம் மறதி, ஸ்விட்சை அணைத்தால் முழு மறதி. நம் பெற்றோர் மனதில் பதிந்திருப்பதும் நம் வாயில் வருவதும் இதுதான். "ரீஸ்டார்ட் போதாது, முழுசா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வந்தபோது இது தலைகீழானது. சீக்கிரம் எழவேண்டும் என்பதற்காக "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" என்று ஒரு ஏற்பாடு. நீங்கள் ஷட்டவுன் கொடுத்தால், உங்கள் புரோகிராம்களை மூடிவிட்டு, விண்டோஸின் உள்ளுறுப்பை மட்டும் அப்படியே டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு அணையும். மறுநாள் அதையே எடுத்து விரிக்கும். முழுவதும் புதிதாக எழுவதில்லை. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாவற்றையும் உதறிவிட்டுப் புதிதாக எழுகிறது! விண்டோஸ் 10, 11-லும் பெரும்பாலான மிஷின்களில் இதே ஏற்பாடுதான்.

அதாவது ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் பழைய பாக்கி கேரி ஃபார்வர்ட். ரீஸ்டார்ட் என்றால்தான் புதுக்கணக்கு. போனில் நாம் இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த வைத்தியம், புது லேப்டாப்பில் பாதி மருந்துதான். பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று அத்தை மூன்று நாளாக அணைத்து அணைத்துப் போட்டும் சரியாகாமல், ஒரே ஒரு ரீஸ்டார்டில் சரியானதன் ரகசியம் இதுதான். அணைப்பதே முழுசாக அணையவேண்டும் என்றால், ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஷட்டவுனைக் கிளிக் செய்யச் சொல்லுங்கள்.

ஊரில் இருக்கும் அந்தப் பழைய பெட்டி

நம்மில் பலர் வீட்டில் புது லேப்டாப்போடு இன்னொன்றும் இருக்கும். துணி போர்த்தி, மூலையில். எங்கள் வீட்டில் இருப்பது 2005-ல் வாங்கிய எக்ஸ்பி மிஷின். 2014 ஏப்ரலோடு எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. ஆனால் அம்மா இருந்தபோது எடுத்த படங்களும், தங்கை கல்யாண வீடியோவும் அதில்தான் இருக்கின்றன. அப்பா அதை அணைக்கவே பயப்படுவார். "திரும்ப எந்திரிக்காட்டா என்னப்பா செய்ய?" பிரேக்குக்குப் பிறகு ஓல்ட் போட்டு மீட்டுக்கொடுத்த அதே மனுஷர். பயத்தில் அர்த்தம் இருக்கிறது. இதற்கு ஓல்ட் கிடையாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

போன பொங்கலுக்குப் போனபோது ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டிவிட்டு வந்தேன். உங்கள் வீட்டுக்கும் உதவலாம்.

ஒன்று: நின்றுவிட்டால் முதலில் ஐந்து நிமிடம் சும்மா இருக்கவும். டிஸ்க் விளக்கு மினுக்கினால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம்.

இரண்டு: கண்ட்ரோல்-ஆல்ட்-டெலீட். வரும் பட்டியலில் நின்றுபோன புரோகிராமை மட்டும் மூடவும்.

மூன்று: முடிந்தால் ஸ்டார்ட் வழியாக ரீஸ்டார்ட்.

நான்கு: பவர் பட்டனை ஒருமுறை மட்டும் தட்டிவிட்டுக் காத்திருக்கவும்.

ஐந்து: அதற்கும் அசையாவிட்டால் ரீசெட் பட்டன். அதுவும் இல்லாவிட்டால் பவர் பட்டனை விடாமல் அழுத்திப் பிடிக்கவும்.

ஆறு: பிளக்கைப் பிடுங்குவது கடைசி. பிடுங்கினால் கொஞ்ச நேரம் பொறுத்துச் செருகவும்.

ஏழு: எழுந்தபின் தேதி தப்பாக இருந்து எஃப்1 அழுத்தச் சொன்னால் பயப்படவேண்டாம். உள்ளே இருக்கும் நாணயம் போன்ற பேட்டரி தீர்ந்திருக்கும். படங்களுக்கு ஒன்றும் ஆகாது.

எட்டாவதை எழுதவில்லை, செய்துவிட்டு வந்தேன். அந்தப் படங்களையும் வீடியோவையும் இரண்டு டிஸ்கில் பிரதி எடுத்து, ஒன்றை அங்கே பீரோவில் வைத்து, ஒன்றை இங்கே கொண்டுவந்துவிட்டேன். நீங்களும் அடுத்த லீவில் மற்ற வேலைக்கெல்லாம் முன்னால் இதைச் செய்துவிடுங்கள். மிஷின் எந்த வகையில் ரீஸ்டார்ட் ஆனால் எதை எடுத்துப்போகும் என்பதை இத்தனை வருடமும் யாரோ ஒரு பொறியாளர்தான் தீர்மானித்து வந்திருக்கிறார். அம்மா படத்தைக் கேரி ஃபார்வர்ட் செய்யவேண்டிய கணக்கு மட்டும் நம்முடையது.